அம்மா உட்கார நினைத்த கிறிஸ்துமஸ்

என் வயதை ஒட்டியவர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். பண்டிகை நாளில் நம் அம்மாக்கள் கை நனையாமல் உட்கார்ந்து, வேறு யாரோ சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டு நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டியவள். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதற்காகவே என் அம்மா குளித்து, பூ வைத்துக்கொண்டு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தாள். அது நடக்காமல் போன கதையைத்தான் சொல்லப் போகிறேன். சொல்ல ஆரம்பிக்கும்போதே எரிச்சல் வருகிறது. எத்தனையோ விஷயம் மறந்துவிட்டது. இது மறக்கவும் மாட்டேன் என்கிறது, ஆறவும் மாட்டேன் என்கிறது.

அப்போது ராயபுரத்தில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே அறை. பின்னால் தகரம் போட்ட அடுப்படி. ஹார்பரில் நிலக்கரி இறக்கும் நாட்களில் காற்றோடு கரித்தூள் வரும்; கொடியில் காயும் வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீருக்குத் தெருக்குழாய்தான். அம்மாவின் இடுப்பில் குடம் அழுத்திய இடம் காய்ப்புக் காய்த்திருக்கும். குளிக்கும்போது பார்த்திருக்கிறேன்.

அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். நைனா கப்பலில் போனவர். ஒரு இத்தாலிக் கப்பலில் 'குக்' என்று சந்து முழுக்கப் பெயர். நான் பிறந்ததிலிருந்து பாதி நாள் அவர் கடலில்தான் இருந்தார். பிறகு அந்த வேலை போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தவர் மணலியில், வெளிநாட்டுக்காரர்கள் புதிதாக எழுப்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார்.

வீட்டில் சாப்பாட்டு வேளையே எனக்குப் பிடிக்காது. தட்டு முன்னால் உட்கார்ந்ததும் நைனா ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாமே கொழம்பு இது? கப்பல்ல இத்த அப்டியே கடல்ல கொட்டுவோம். நான் மீன் வெச்சா கேப்டன் தட்ட நக்குவான், தெர்தா?"

"அந்தக் கைய ஒரு நாள் இங்கயும்தான் காட்டேன்யா" என்பாள் அம்மா.

"தரையில நின்னுகினு சமைச்சா எனக்குக் கை வராது. கீழ கப்பல் ஆடணும்."

இதை அவர் சிரிக்காமல் சொல்வார். நானும் அப்படியே நம்பினேன். அம்மாவும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த டிசம்பரில் மேஸ்திரி ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்கினார். மணலியில் நைனாவுக்கு மேலே வேலை பார்த்தவர். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார் என்பதால் அங்கிருந்த இரண்டு இத்தாலி என்ஜினீயர்களுக்கும் அவர்தான் வாய்.

"மாமு, உனுக்கு ஒரு நல்ல சேதி. ரெண்டு வெள்ளக்காரனும் சோத்துக்கு அல்லாடிகினு கீறானுங்க. கெஸ்ட் அவுஸ் சமையல்காரரு சைவம். மீன உள்ளயே வுடமாட்டாரு. கிறிஸ்துமஸுக்கு மொத நாளு அவுங்க ஊர்ல கறி தொடமாட்டாங்களாம், மீனுதானாம். ஏதோ மாக்ரோணியாம், அத்தோட சேத்துத் துன்னணுமாம். நான் உன்னப்பத்திச் சொல்லிட்டேன்."

நைனா ஒன்றும் பேசவில்லை. மேஸ்திரியே தொடர்ந்தார். எண்ணூரில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு பங்களா எடுக்கிறார்கள். அதற்கு ஒரு சமையல்காரர் வேண்டும். பங்களாவுக்குப் பின்னாலேயே குடியிருக்க வீடு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் வேலை நைனாவுக்குத்தான்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கொழா வூட்டுக்குள்ளயே கீதாண்ணா?"

"உள்ளயே கீது."

அதற்குப் பிறகு நைனாவால் முடியாது என்று சொல்லவே முடியாமல் போய்விட்டது. இதை இப்போது யோசித்தால்தான் தெரிகிறது. அன்றைக்கு அவர் பேசாமல் இருந்ததைப் பெருமை என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டொரு நாளில் மேஸ்திரி ஒரு சாக்குப் பையில் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். நீலக் காகிதம் சுற்றிய நீளப் பொட்டலங்கள் இரண்டு. பிரித்துப் பார்த்தால் அந்த மாக்ரோணி துடைப்பக்குச்சி மாதிரி விறைப்பாக, மஞ்சளாக இருந்தது. "சேமியாவுக்கு அண்ணங்காரன்" என்றாள் அம்மா. ஒரு தகர டப்பாவில் எண்ணெய். ஒலிவ எண்ணெய் என்று மேஸ்திரி சொன்னதும் அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "பைபிள்ல வர்றதா?" என்று கேட்டு, ஒரு சொட்டு எடுத்து என் நெற்றியில் சிலுவை போட்டாள். அப்புறம் ஒரு பாட்டில். கனமான பச்சைக் கண்ணாடி. கழுத்தில் தங்க நிறத் தாள், தக்கைக்கு மேலே கம்பிக் கட்டு.

மதுவிலக்கு இருந்த காலம் அது. அம்மா பயந்துபோனாள். "போலீஸ் வந்தா இன்னா பண்றது?"

"அவுங்களுக்கு பர்மிட் கீதுக்கா. இது சாராயம் இல்ல. சோடா மாதிரி பொங்கற ஒயினு. நல்லா ஜில்லுனு வெச்சிருக்கணும், அவ்ளோதான்."

அவர்கள் வருகிற அன்றைக்கு ஐஸுக்கு எங்கே போவது? காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ்கட்டிதான். மரத்தூளும் மீன் வாடையுமாக வந்த பாளத்தை அலுமினிய டப்பில் உடைத்துப் போட்டு, பாட்டிலை அதில் படுக்கவைத்து, மேலே கோணியைப் போட்டு மூடினோம். கோணியைத் தூக்கித் தூக்கி அந்தப் பச்சைக் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பதே அன்றைக்கு எனக்கு வேலை.

அம்மா காலையிலேயே அடுப்படியைக் கழுவிவிட்டாள். எதிர்வீட்டு அக்காவிடம் மேஜையும் நாற்காலிகளும் கேட்டு வாங்கிப் போட்டாள். நைனா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து கப்பலில் போட்ட வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அதில் இரண்டு பித்தளைப் பொத்தான் இல்லை. அம்மா குளித்து, ஊதாப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். பட்டப்பகலில் அவள் கால் நீட்டி உட்கார்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"இன்னாக்கா, அடுப்புக்கு லீவா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"எங்கூட்டுக்காரரு சமைக்கறாரு" என்றாள் அம்மா. எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா! அந்தக் குரலை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

நைனா முதலில் மீனை எடுத்தார். எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்த கொடுவா, முழங்கை நீளம். கத்தியை வயிற்றில் வைத்து அழுத்தினார். அழுத்தின அழுத்தலில் பித்தப்பை உடைந்து பச்சையாக வழிந்தது. அம்மாவின் கால்கள் மடங்கின. ஆனால் எழுந்திருக்கவில்லை. நைனா அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்து, குச்சிகளை ஒடித்துப் கொதிக்காத தண்ணீரில் போட்டு ஸ்டவ்வில் ஏற்றினார். தண்ணீர் சூடாவதற்குள்ளேயே அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிண்டக் கிண்டக் கூழானது. பக்கத்தில் வாணலியில் பூண்டு கறுத்துப் புகைந்தது. நைனா ஒரு கையில் கரண்டியோடும் மறு கையில் துணியோடும் இந்த அடுப்பையும் அந்த அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

அம்மா எழுந்து வந்து ஸ்டவ்வை அணைத்தாள்.

"யோவ். கப்பல்ல நீ இன்னா வேலை பாத்த?"

"சமையல்கட்டுலதாமே."

"சமையல்கட்டுல இன்னா வேலை?"

நைனா என்னைப் பார்த்தார். பிறகு கோட்டின் கையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனம், தட்டு தேய்ச்சிகினு இருந்தேன்."

அவள் கத்துவாள் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கத்தவில்லை. கூழாகிப்போன அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு நாளு" என்றாள். "ஒரு நாளு உக்காரலாம்னு பாத்தேன்யா." பூவை எடுத்து ஆணியில் மாட்டினாள். ஊதாப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

பித்தம் பட்ட சதையை அரிந்து எறிந்துவிட்டு, மீனைக் கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள். "செய்யத் தெரியாதுன்னா போவுது. பாத்தியா இல்லியா?"

"பாக்கறதுக்கு எங்க நேரம்? எனக்குத் தெரிஞ்சது அழுக்குப் பாத்திரம்தான்."

"அத்தையே சொல்லு."

அப்படித்தான் அந்தச் சமையல் நடந்தது. நைனா கழுவின பாத்திரங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்ல, அம்மா அதிலிருந்து பக்குவத்தைக் கண்டுபிடித்தாள்.

"மாக்ரோணி வெந்த டேக்சாவுல ஒண்ணுமே ஒட்டியிருக்காதுமே. ஒரு அலசு அலசினா போதும். வாயில பட்டா உப்புக் கரிக்கும்."

"அப்போ தண்ணி நெறைய வெச்சு, கொதி வந்தப்புறம்தான் போடுறான். தட்டுல மிஞ்சினது எப்டி இருக்கும்?"

"மிஞ்சாது. ஒருநாளு மட்டும் எல்லாத் தட்டும் அப்டியே திரும்பி வந்துச்சு. அன்னிக்கி கொழைஞ்சி கெடந்துச்சு. குக்குக்குச் செம திட்டு."

"சரி. நடுவுல லேசா பல்லுல தட்டுப்படணும்."

பூண்டு வாணலி அடியில் கறுப்புப் பிடித்ததே இல்லை என்றார். அம்மா எண்ணெயை இளஞ்சூட்டிலேயே வைத்துப் பூண்டைப் போட்டு, மேலே தக்காளியை அரிந்து போட்டாள். மீன் தட்டுகளில் பிழிந்த எலுமிச்சை மூடி கிடக்கும், மசாலாவே இருக்காது என்றார். அம்மா கொடுவாவின் வயிற்றில் எலுமிச்சை வில்லைகளை வைத்து, ஒலிவ எண்ணெய் தடவி, கிறிஸ்துமஸ் கேக்குக்குச் செய்வது போலவே வாணலியை மூடி, அந்த மூடிமேல் தணல் போட்டாள். தக்காளி சுண்டிய வாசனை சந்து முழுக்கப் போனது. நைனா விறகு தள்ளினார், பூண்டு உரித்தார், அவள் கேட்பதற்கு முன் பாத்திரம் கழுவிக் கொடுத்தார். அதை அவர் அருமையாகச் செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் அப்படித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஒரு தடவை அம்மா சிரித்தாள்கூட.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் நரைத்த தலை, பெரியவர். மற்றவர் சின்னவர், வெயிலில் சிவந்த கழுத்து. கூடவே மேஸ்திரி. நைனா முகம் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து போனார். அம்மா அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றாள். புகையில் கண் சிவந்து, கன்னத்தில் கரி. நான் அவள் இடுப்புக்குக் கீழே தலையை நுழைத்து எட்டிப் பார்த்தேன்.

சின்னவர் பாட்டிலின் கம்பியை முறுக்கினார். டமால் என்று தக்கை பறந்து ஓட்டில் பட்டு, ஓட்டுத்தூள் மேஜையில் கொட்டியது. சந்தில் நாய்கள் குரைத்தன, எதிர்வீட்டு அக்கா "மாதாவே!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டார். முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார்.

"அவுரு ஊர்ல அவுங்க அம்மா வெக்கிறா மாதிரியே கீதாம் மாமு. வேலை உனுக்குத்தான்னாரு."

பெரியவர் நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நைனா குலுக்கவிட்டார்! பெரியவர் இன்னொரு கிளாஸில் அந்த ஒயினை ஊற்றித் திரைப்பக்கம் காட்டி ஏதோ கேட்டார்.

"வூட்டுக்காரம்மாவுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்றாரு" என்றார் மேஸ்திரி.

"அவளுக்கு இதெல்லாம் ஆவாது" என்று சொல்லி நைனா அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

அம்மா முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தால் வெளியே போக வேண்டியிருக்குமே என்று துடைத்தாளோ என்னவோ. நான் கேட்டதில்லை.

பொங்கல் கழிந்து நைனா எண்ணூர் வேலைக்குப் போனார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், முடிந்ததும் போய்விடலாம் என்றார். அதுவரை அம்மா கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து, மீனும் தக்காளிக் குழம்பும் செய்து தூக்குவாளியில் போட்டுக் கொடுப்பாள். நைனா அதை ரயிலில் கொண்டுபோய் அங்கே சூடு பண்ணி வைப்பார். மாக்ரோணி மட்டும் அங்கேயே வேகவைத்தார். அதை அவர் கற்றுக்கொண்டிருந்தார். இத்தாலிக்காரர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். சந்தில் நைனாவுக்கு மரியாதை கூடிப்போனது. அம்மா வாயே திறக்கவில்லை.

ஒருநாள் நைனாவுக்குக் கடும் காய்ச்சல். சாப்பாடு போகாவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்து, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். திருவொற்றியூர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூரில் இறங்கி, மணலில் கால் புதையப் புதைய நடந்தோம். அந்தப் பங்களாவின் சமையலறையைப் பார்த்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் முழுக்கக் கடல். இடுப்பு உயரத்தில் கேஸ் அடுப்பு. குனிய வேண்டாம், ஊத வேண்டாம். குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. மூடினாள். மறுபடி திருகினாள். கொண்டுபோன தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, அங்கே இருந்த மீனை எடுத்துப் புதிதாகவே சமைத்தாள். அடுப்பு முன்னால் நின்றுகொண்டு அவள் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டது அன்றைக்குத்தான்.

பெரியவர் மத்தியானம் மேஸ்திரியோடு வந்தார். கதவோரம் நின்று அவள் பூண்டு போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே மேஸ்திரியிடம் பேசினார்.

"இத்தினி நாளா இந்தக் கைதானான்னு கேக்கறாருக்கா. நீயே வந்துடச் சொல்றாரு. மாமுவுக்கு வேற வேலை போட்டுத் தர்றாராம், தோட்டம் பாத்துக்கட்டும்னு. பின்னால வூடு அப்டியே உங்களுக்குத்தான்."

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அவ்வளவு அப்பட்டமாக ஒரு ஆசை அவள் முகத்தில் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அவரக் கேட்டுகினு சொல்றேன்."

நைனா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தார். "குசினிக்காரி புருசன்னு என்னியக் கூப்டுவானுங்க. ஒத்துக்கமாட்டேன்."

"இத்தினி வருசம் நான் குசினிக்காரன் பொண்டாட்டியா இல்லியா? செத்தா பூட்டேன்?"

நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காய்ச்சல் விடாமலே கிளம்பிப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தார். வெள்ளைக் கோட்டை எங்கே விட்டுவிட்டு வந்தாரோ, அதற்கப்புறம் அது வீட்டில் இல்லை. "வேலை வாணாம்னு சொல்ட்டேன்" என்றார்.

சந்தில் வேறு விதமாகப் பேசினார்கள். பொம்பளை முந்திரிக்கொட்டை மாதிரி வெள்ளைக்காரன் முன்னால் போய் நின்று புருஷன் பிழைப்பைக் கெடுத்தாள் என்றார்கள். எதிர்வீட்டு அக்காகூட அப்படித்தான் நினைத்தாள். அம்மா யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. அவள் பேசியிருக்கலாம். அந்தச் சந்தின் நடுவில் நின்று ஒரு தடவை பேசியிருக்கலாம்!

மேஸ்திரி, மிச்சமிருந்த எண்ணெய் டப்பாவை வாங்கிக்கொண்டு போக வந்தார். "இன்னாக்கா, வெள்ளக்காரன் வூட்டு வேலை உனுக்குப் புடிக்கலன்னு மாமுகிட்ட சொல்லி அனுப்ச்சியாமே. எவ்ளோ நல்ல எடம்."

அம்மா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை நைனா வேலை தேடி ஹார்பர் பக்கம் போனதும், ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு என்னைக் கிளப்பினாள்.

மறுபடியும் அதே ரயில், அதே மணல். பங்களாவின் இரும்புக் கேட் சாத்தியிருந்தது. புதுச் சமையல்காரர் ஒருவர், தோளில் துண்டோடு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாரும்மா? இன்னா வேணும்?"

அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"பெரியவரு கீறாரா?"

"ரெண்டு பேரும் மணலிக்குப் பூட்டாங்க. சாயங்காலம்தான் வருவாங்க. இன்னா விசயம்?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடுண்ணா, குடிச்சிட்டுப் போறோம்."

அவர் உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினார். அம்மா எனக்குப் பாதி கொடுத்துவிட்டு மீதியைக் குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஸ்டேஷனில் வண்டி வர நேரமிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் இருந்து பெரியவர்கிட்டயே சொல்லிடலாம்மா. நீ வாணாம்னு சொல்லலன்னு சொல்லிடலாம்."

"எப்டிச் சொல்றது?" என்றாள். "எம் பேச்சு அவருக்குத் தெரியாது. அவரு பேச்சு எனக்குத் தெரியாது. நடுவுல மறுபடியும் ஒரு ஆம்பள நிக்கணும். அவன் இன்னாத்த சொல்வானோ."

வண்டி வந்தது. கரிப்புகை உள்ளே வரும் என்று ஜன்னலோரம் போகாமல், நடுப்பலகையில் என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.